முதலில் எந்த ஊர்?

பதினோரு ஊருக்கு ஒரே சேதியைச் சொல்ல வேண்டும், அதுவும் உடனே சொல்ல வேண்டும் என்றால், நீங்கள் முதலில் எந்த ஊருக்குச் சொல்வீர்கள்?

சட்டென்று பதில் சொல்லிவிடாதீர்கள். சுடலைமுத்து அண்ணாச்சி அப்படித்தான் சட்டென்று சொன்னார்.

மலையடிவாரத்தில் ஓர் அணை. அதற்குக் கீழே ஆற்றோரமாகப் பதினோரு ஊர்கள். அணையில் ஷட்டரைத் திறக்கும்போது ஊருக்கு ஊர் சங்கு ஊத வேண்டும். வாயால் ஊதுகிற சங்கு இல்லை, மில்லில் ஷிப்டு மாறும்போது அலறுமே, அந்தச் சங்கு. அணையிலிருந்து வரும் சேதியை வாங்கி, பதினோரு சங்கையும் ஊத வைக்கிற மென்பொருளை மூன்று பேர் எழுதிக்கொண்டிருந்தார்கள். உரக்கடை மாடியில் அவர்களுடைய அலுவலகம். யூரியா வாசனை பழகிவிட்டால் நல்ல காற்றோட்டமான இடம்தான்.

மூவரில் குரு, ஆவுடையம்மாள். வயது முப்பத்து மூன்று. பாலிடெக்னிக்கில் பாடம் எடுத்தவர் என்பதால் எல்லோருக்கும் 'டீச்சர்'. சீடர் சுடலைமுத்து. வயது நாற்பத்தொன்பது. இருபத்திரண்டு வருஷம் கேபிள் டிவி ஒயர் இழுத்துவிட்டு, அந்தத் தொழில் படுத்ததும், "கம்ப்யூட்டர் என்ன கம்பத்தை விடவா உசரம்?" என்று கேட்டுக்கொண்டு படிக்க வந்தவர். டீச்சருக்கு அவர் அண்ணாச்சி. மூன்றாவது ஆள் மைதீன் பாத்து. வயதில் சின்னவள், வாயில் பெரியவள்.

வியாழக்கிழமை அணையின் பொறியாளர் வந்து பார்ப்பார். சரி என்று அவர் கையெழுத்துப் போட்டால், ஐப்பசி மழைக்கு முன்னால் பதினோரு ஊரிலும் சங்கு ஏறிவிடும். போடாவிட்டால் இந்த மழையும் சங்கு இல்லாமல்தான்.

செவ்வாய்க்கிழமை காலை அண்ணாச்சி தன் வேலையை முடித்தார்.

மேஜைமேல் பதினோரு சின்னப் பெட்டிகள் வரிசையாக இருந்தன. ஒவ்வொன்றிலும் ஒரு சிவப்பு விளக்கு, ஒரு குட்டிச் சங்கு, ஓர் ஊரின் பெயர். பெட்டிக்கொரு ஒயர். பாத்து கணினியில் ஒரு பொத்தானைத் தட்டினாள். ஷட்டர் திறந்ததாகக் கணக்கு. பதினோரு பெட்டியும் கண்ணிமைக்கிற நேரத்தில் பளிச்சென்று எரிந்து, கோழிக் கூண்டைத் திறந்துவிட்ட மாதிரி கத்தின.

"முடிஞ்சுது டீச்சர்" என்றார் அண்ணாச்சி.

"முதல்ல எந்த ஊருக்குச் சேதி போகுது, அண்ணாச்சி?"

"கீழக்கடவுக்கு."

பாத்து சிரித்தாள். "வரிசையில அது ஆறாவது ஊருல்லா? அண்ணாச்சி ஊருன்னா ஆறே வளைஞ்சு முதல்ல அங்கன போகுமோ?"

"சிரிக்காத பாத்து. உனக்குத் தெரியாது."

அவளுக்கும் தெரியும். நான்கு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் காலையில் சொல்லாமல் கொள்ளாமல் தண்ணீர் வந்தது. அண்ணாச்சியின் மனைவி உலகம்மாள் நடு ஆற்றுப் பாறையில் போர்வை துவைத்துக்கொண்டிருந்தார். மூன்று மணி நேரம் அந்தப் பாறையிலேயே நின்றார். கயிறு போட்டு இழுத்துக் கரை சேர்த்தபோது அவர் கையில் போர்வையின் ஒரு முனை மட்டும் இருந்தது. அதற்குப் பிறகு உலகம்மாள் ஆற்றுக்குப் போவதில்லை. ஊரில் மற்றவர்கள் போகத்தான் செய்கிறார்கள்.

டீச்சர் எழுந்து வந்தார். கீழக்கடவு என்று எழுதியிருந்த பெட்டியின் ஒயரைப் பிடித்து உருவினார்.

"பாத்து, தட்டு."

பாத்து தட்டினாள்.

ஒரு பெட்டியும் எரியவில்லை. கீழே உரக்கடையில் மூட்டை இறக்குகிற சத்தம் மட்டும் கேட்டது.

"என்ன அண்ணாச்சி, ஒரு ஒயரை உருவினா பதினோரு ஊரும் ஊமையாயிட்டு?" என்றாள் பாத்து.

"அது அப்பிடித்தான் இருக்கும்" என்றார் அண்ணாச்சி, கொஞ்சம் திடமாகவே. "ஒரு ஊருக்குச் சொன்னா, 'கேட்டுச்சு'ன்னு அந்த ஊர்ப் பெட்டி பதில் சொல்லணும்லா? பதில் வராம அடுத்த ஊருக்கு எப்பிடிப் போக? நான் கேபிள்ல அப்பிடித்தான் செஞ்சேன். கம்பத்துல நின்னுக்கிட்டு 'படம் வருதாக்கா?'ன்னு கத்துவேன். 'வருது'ன்னு உள்ள இருந்து சத்தம் வந்தாத்தான் இறங்கி அடுத்த வீட்டுக்குப் போவேன். என் லைன்ல ஒரு வீடு விட்டுப்போச்சுன்னு ஒருத்தரும் சொன்னதில்ல."

"வீட்டுல ஆள் இல்லைன்னா?"

"நிப்பேன்."

டீச்சர் ஒயரைத் திருப்பிச் செருகினார்.

அண்ணாச்சி அரை மணி நேரம் யோசித்தார். பிறகு, மனசில்லாமல்தான், தன் ஊரை எடுத்து ஆறாவது இடத்தில் போட்டார். அணைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கிற மேலப்பாறையை முதலில் வைத்தார்.

"தண்ணி முதல்ல எங்க வருதோ அந்த ஊருக்கு முதல்ல. இதுதான் நியாயம். இப்பம் பாருங்க டீச்சர்."

டீச்சர் மேலப்பாறையின் ஒயரை உருவினார். பாத்து தட்டினாள். ஒரு பெட்டியும் எரியவில்லை.

அண்ணாச்சி மேலப்பாறையைக் கடைசியில் தள்ளிவிட்டு, டவர் நன்றாகக் கிடைக்கிற ஓர் ஊரை முதலில் வைத்தார். டீச்சர் அந்த ஊரை உருவினார்.

"நீங்க இப்பிடி உருவிக்கிட்டே இருந்தா எந்த மென்பொருள்தான் ஓடும்?" அண்ணாச்சிக்குக் குரல் ஏறிவிட்டது.

"மழை உருவும், அண்ணாச்சி."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். கர்ச்சீப்பை எடுத்துக் கழுத்தைத் துடைத்தார்.

"அப்போ நீங்களே சொல்லுங்க டீச்சர். எந்த ஊரைத்தான் முதல்ல வைக்க?"

டீச்சர் கடிகாரத்தைப் பார்த்தார். மணி பன்னிரண்டரை.

"சாப்பிடுவோம்" என்றார்.

அண்ணாச்சிக்குப் பன்னிரண்டரைக்கெல்லாம் பசித்துவிடும். மூன்று பேரின் தூக்குச்சட்டிகளும் வரிசையாக இருந்தன. பாத்து மட்டும் இல்லை. சால்டரிங் கம்பி வாங்கி வருகிறேன் என்று அப்போதுதான் கிளம்பிப் போயிருந்தாள்.

அண்ணாச்சி தன் தூக்கின் மூடியில் கை வைத்தார்.

"இருங்க அண்ணாச்சி. பாத்துகிட்ட ஒரு வார்த்தை சொல்லிட்டுச் சாப்பிடுவோம்" என்று டீச்சர் போனை எடுத்துக் கூப்பிட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. போனை மேஜையில் வைத்துவிட்டு, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார்.

பத்து நிமிஷம் போயிற்று.

"எடுக்கலியா டீச்சர்?"

"இல்ல."

"மறுபடி கூப்பிடுங்க."

"கூப்பிட்டாச்சே. பதில் வரட்டும்."

இன்னும் பத்து நிமிஷம். தூக்கிலிருந்து கத்தரிக்காய்ப் புளிக்குழம்பு வாசனை வந்துகொண்டே இருந்தது. அண்ணாச்சி ஜன்னலுக்குப் போய் எட்டிப் பார்த்தார். வந்து உட்கார்ந்தார். மறுபடி எழுந்தார்.

"கடையில சத்தமா இருக்கும், கேட்டிருக்காது. இல்லைன்னா போன்ல சார்ஜ் இருக்காது."

"இருக்கலாம்."

"அதுக்கு நாம இங்கன காத்துக் கெடந்தா அவளுக்குக் கேட்டுருமா?"

"காத்துக்கிட்டுத்தானே இருக்கேன்" என்றார் டீச்சர்.

மணி ஒன்று பத்து. அண்ணாச்சிக்கு இனித் தாங்காது. தன் போனை எடுத்தார்.

"டீச்சர், நீங்க பாட்டுக்குச் சாப்பிடுங்க. நான் ஒருத்தன் அவளைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்கேன். எதுக்கு எல்லாரும் சேர்ந்து பட்டினி..."

எண்ணை அழுத்தப்போன விரல் அப்படியே நின்றது.

அவர் மேஜைமேல் இருந்த பதினோரு பெட்டிகளைப் பார்த்தார். டீச்சரைப் பார்த்தார். பிறகு போனைக் கீழே வைத்துவிட்டு நேராகத் தன் கணினிக்குப் போனார்.

"அண்ணாச்சி" என்றார் டீச்சர், தூக்கைத் திறந்துகொண்டே. "முதல்ல சாப்பிடுங்க."

அவர்கள் பாதி சாப்பிட்டபோது பாத்து வியர்த்து விறுவிறுக்க வந்து நின்றாள். "போனை எடுக்கலைன்னு கோவமா? பை அடியில கெடந்துச்சு. எனக்குக் குழம்பு மிச்சம் வச்சிருக்கீங்களா, இல்லை அண்ணாச்சி வழிச்சிட்டாங்களா?"

"உன்னாலதான் இன்னைக்குச் சாப்பாடே லேட்டு" என்றார் அண்ணாச்சி. ஆனால் முகத்தில் கோபம் இல்லை. தன் தூக்கை அவள் பக்கம் நகர்த்தினார்.

சாப்பிட்டுக் கைகழுவியதும் அவருக்கு ஒரு கவலை வந்துவிட்டது.

"டீச்சர், இப்பம் எல்லாத்தையும் பிரிச்சுப் போடணுமே. வியாழக்கிழமை இன்ஜினியர் வந்துருவாகளே."

"எல்லாத்தையும்னா?"

"பாத்து எழுதினது, நீங்க எழுதினது..."

பாத்து துள்ளி எழுந்தாள். "ஏன், என் மாட்யூல்ல கை வைக்கணுமா? அதெல்லாம் முடியாது!"

இங்கே ஒன்று சொல்லிவிடுகிறேன். அவர்கள் எழுதிய மென்பொருள் ஒரு ஃப்ரேம்வொர்க்கின்மேல் நின்றது. அடுப்படியில் அஞ்சறைப் பெட்டி இருக்கிறதே, அது மாதிரி என்று வைத்துக்கொள்ளுங்கள். கடுகு அதன் கிண்ணத்தில், சீரகம் அதன் கிண்ணத்தில். சீரகக் கிண்ணத்தைக் கழுவக் கடுகைக் கொட்ட வேண்டியதில்லை. மென்பொருளில் அந்தக் கிண்ணத்துக்குப் பெயர் மாட்யூல். ஒவ்வொரு மாட்யூலின் தலையிலும் இரண்டே வரி: எனக்கு இது வேண்டும், நான் இதைக் கொடுப்பேன். ஒன்று கொடுப்பதை இன்னொன்றிடம் சேர்க்கிற வேலையை அஞ்சறைப் பெட்டியான ஃப்ரேம்வொர்க் பார்த்துக்கொள்ளும். அணையின் சேதியை வாங்குவது டீச்சரின் மாட்யூல். அதைப் பார்த்து ஆபத்தா இல்லையா என்று முடிவு செய்வது பாத்துவுடையது. ஊர்களுக்குச் சொல்வது அண்ணாச்சியுடையது.

"பாத்து" என்றார் டீச்சர், "உன் மாட்யூல்ல மொத்தம் எத்தனை ஊர்னு எங்கயாவது எழுதியிருக்கா?"

"இல்ல. 'ஆபத்து'ன்னு ஒரு சேதி கொடுப்பேன். அதுக்கப்புறம் அதை யாரு எடுத்துக்கிடுதா, எத்தனை பேர் எடுத்துக்கிடுதா, எனக்குத் தெரியாது."

"அப்போ உனக்கு இதுல வேலை இல்ல. போய் டீ போடு."

பாத்து முணுமுணுத்துக்கொண்டே போனாள்.

அண்ணாச்சி தான் எழுதியிருந்ததைத் திரையில் மேலும் கீழும் தள்ளிப் பார்த்தார். இருநூற்று நாற்பது வரி. பதினோரு ஊரின் பெயரும் அதற்குள்ளேதான் இருந்தது. எந்த ஊர் முதலில், எதற்குப் பிறகு எது, எந்த ஊர்ப் பெட்டி எப்போது மக்கர் பண்ணும் என்பது வரை எல்லாம் அதற்குத் தெரியும்.

"எல்லா ஊரும் தெரிஞ்ச மாட்யூல்னு பெருமையா எழுதினேன் டீச்சர்."

"ஒரே ஒரு ஊர் தெரிஞ்ச மாட்யூலா எழுதுங்க."

"அப்போ மத்த பத்து ஊர்?"

"அதையே ஊருக்கு ஒண்ணா பதினொண்ணு நிறுத்தி வைங்க."

அவர் மேற்கொண்டு கேட்கவில்லை. சாயங்காலம் ஐந்து மணிக்குள் எழுதி முடித்துவிட்டார். அறுபத்தைந்து வரி வந்தது. அந்த மாட்யூலுக்குத் தன் ஊரின் பெயர் மட்டும் தெரியும். ஆபத்து என்ற சேதி வந்தால் தன் ஊரைக் கூப்பிடும். பதில் வந்தால் சரி. வராவிட்டால், இரண்டு நொடிக்கு ஒருமுறை மறுபடி கூப்பிடும். பக்கத்து ஊர் ஊதியதா இல்லையா என்பது அதற்குத் தெரியாது. இப்படிப் பதினொன்று, பக்கத்தில் பக்கத்தில். வரிசை என்று ஒன்று இல்லவே இல்லை.

பாத்து டீ டம்ளரோடு வந்து பின்னால் நின்று பார்த்தாள். "அண்ணாச்சி, பாதிக்கு மேல அழிச்சிட்டீங்களே. இதுக்குத்தானா மூணு வாரமா ராப்பகலா தட்டினீங்க?"

"சொட்டு சொட்டா சேத்ததை ஒரே மூச்சுல கொட்டிட்டேன். டீயைக் கொடு."

புதன்கிழமை காலை ஒத்திகை.

இந்த முறை அண்ணாச்சியே ஒயரை உருவினார். மேலப்பாறையை உருவினார். பாத்து தட்டினாள். மற்ற பத்தும் கத்தின. ஒயரைத் திருப்பிச் செருகிய இரண்டாவது நொடி மேலப்பாறையும் தனியாகக் கத்தியது. பாத்து கைதட்டினாள். அண்ணாச்சி கைலியை மடித்துக் கட்டுகிற மாதிரி பேண்டை ஒருதரம் தூக்கி விட்டுக்கொண்டு, அடுத்த ஊரை உருவினார். அதுவும் சரி. அதற்கடுத்த ஊர். இரண்டிரண்டாக உருவினார், நான்கு நான்காக உருவினார். உருவியது தவிர மற்றதெல்லாம் ஊதியது. உருவியதைச் செருகினால் அதுவும் ஊதியது.

"பத்து ஊரும் பாஸ்!" என்றாள் பாத்து.

டீச்சர் பெட்டிகளைப் பார்த்தார். பத்து ஒயர்கள் கைபட்டுக் கைபட்டு நெளிந்து கிடந்தன. கீழக்கடவின் ஒயர் மட்டும் நேற்றுச் செருகியபடியே நேராக இருந்தது.

அண்ணாச்சி கொஞ்ச நேரம் கழித்து, குரலைத் தாழ்த்திக்கொண்டு கேட்டார்.

"டீச்சர், ஒண்ணு கேக்கட்டுமா?"

"கேளுங்க."

"முன்னால எழுதினதுல, எங்க ஊர் பதில் சொல்லலைன்னா பத்து ஊரும் அதுக்காக நின்னுச்சு. தப்புதான், ஒத்துக்கிடுதேன். ஆனா நின்னுச்சு. இப்பம் எங்க ஊர் கேக்கலைன்னாலும் மத்த ஊரெல்லாம் ஊதிக்கிட்டுப் போயிரும். எங்க ஊருக்காக நிக்க ஒருத்தரும் இல்லியே."

டீச்சர் திரையில் பழைய மாட்யூலைத் திறந்தார். அவருடைய விரல் ஒரு வரியில் நின்றது.

"இங்க பாருங்க, அண்ணாச்சி. உங்க ஊரை எத்தனை தடவை கூப்பிடுது?"

அவர் குனிந்து பார்த்தார். "ஒரு தடவை."

"அதுக்கப்புறம்?"

"பதில் வாரது வரைக்கும் நிக்கும்."

"பத்து ஊரும் நின்னுச்சு, சரிதான். ஆனா கூப்பிட ஒருத்தரும் இல்ல." டீச்சர் பழையதை மூடிவிட்டுப் புதியதைத் திறந்தார். "இப்போ நிக்கிறதுக்குத்தான் ஆள் இல்ல. உங்க ஊரைக் கூப்பிட்டுக்கிட்டே இருக்க ஒருத்தர் இருக்கார். அவருக்கு வேற வேலையே கிடையாது."

அண்ணாச்சி வெகுநேரம் அந்த அறுபத்தைந்து வரியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

வியாழக்கிழமை பதினொரு மணிக்குப் பொறியாளர் பாக்கியநாதன் வந்தார். செருப்பை வாசலில் கழற்றிப் போட்டுவிட்டு, மூக்கைச் சுருக்கி யூரியா வாசனையைப் பழகிக்கொண்டு, மேஜைக்கு எதிரே நின்றார். நல்ல மனிதர்தான். ஆனால் எதையும் தன் கையால் தொட்டுப் பார்க்காமல் நம்ப மாட்டார் என்று அணைப் பக்கம் பேச்சு. சட்டைப் பையில் பேனா இருந்தது. அவர் கை அதன் பக்கமே போகவில்லை.

பாத்து தட்டினாள். பதினொன்றும் கத்தின. அவர் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தார்.

"எல்லாம் ஊதுது, சரி. நல்ல நாள்ல எல்லாமே ஊதும். மழைநாள்ல ஒரு ஊர்ல லைன் போயிட்டுன்னா?"

"உருவிப் பாக்கலாம் சார்" என்றார் டீச்சர்.

"எதை உருவ?"

டீச்சர், ஜன்னல் வழியாக உரக்கடைத் தூசி வருகிறது என்று எழுந்து போய் அதன் கதவைச் சாத்தினார். அவருடைய முதுகுதான் தெரிந்தது. பாத்து பொத்தானுக்கு மேலே விரலை வைத்துக்கொண்டு, அண்ணாச்சியை ஓரக்கண்ணால் பார்த்தாள். அவள் வாயில் அன்றைக்குக் கேலி ஒன்றும் இல்லை.

பொறியாளர் தாமாகவே குனிந்தார். கைக்கு எட்டுகிற ஓரத்தில் மேலப்பாறை இருந்தது. நேற்று முழுக்க உருவி உருவிப் பார்த்த ஊர். அவர் அதன் ஒயரைப் பிடித்தார்.

"சார்" என்றார் அண்ணாச்சி.

பொறியாளர் நிமிர்ந்தார்.

அண்ணாச்சி ஆறாவது பெட்டியை இரண்டு கையாலும் எடுத்து, அவருக்கு முன்னால் நகர்த்தி வைத்தார். ஒயர் அவர் பக்கமாக இருக்கும்படி அதைத் திருப்பினார்.

"அது வேண்டாம் சார். இது கீழக்கடவு, எங்க ஊரு. இதை உருவுங்க."